கனமான இத்தாலி சிவப்பு ஒயின்: என்னத்த ருசிக்கிறது, எப்படி ருசிக்கிறது?

யீஷூன்_தம்பி

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. தலைப்பைப் பாத்துட்டு இவன் பெரிய ஆளுன்னு நெனச்சிடாதீங்க, நான் பியர் ஆளு, யாராச்சும் கல்யாண டின்னர்ல ஒயின் ஊத்துனா குடிப்பேன் அவ்ளோதான். இப்ப விஷயம் என்னன்னா என் மச்சான் மிலான்ல வேலையா இருந்துட்டு இங்க சிங்கப்பூருக்கே திரும்பி வந்துட்டான், வரும்போது எனக்குன்னு ரெண்டு பாட்டில் தூக்கிட்டு வந்தான். ஒண்ணுல அமரோனே தெல்லா வால்போலிச்செல்லான்னு போட்ருக்கு, 15.5 சதவீதம். இன்னொண்ணுல தொஸ்கானா ரொஸ்ஸோ, அதாவது டஸ்கனி சிவப்பு, அதுக்குக் கீழ சின்னதா ஐஜிடி, பின்னாடி சான்ஜோவேசே, கேபர்னே சோவின்யோன், மெர்லோன்னு மூணு திராட்சை பேரு. "ரெண்டும் பிளெண்டு, ஃபுல் பாடி, பாத்து குடி"ன்னு சொல்லிட்டு போயிட்டான், அதுக்கு மேல கேட்டா சிரிக்கிறான்.

கொஞ்ச நாள் முன்னாடி ஆபிஸ் ஆளுங்களோட ஒரு இத்தாலி ரெஸ்டாரண்டுக்குப் போனப்ப இதே மாதிரி கனமான சிவப்பு ஒண்ணு வந்துச்சு. எல்லாரும் கிளாஸ்குள்ள மூக்கை விட்டு செர்ரி, சாக்லேட், புகையிலை, தோலுன்னு அடுக்குறாங்க. எனக்குத் தெரிஞ்சது துவர்ப்பு, அப்புறம் தொண்டையில சூடு. எனக்கு நாக்கு செத்துப்போச்சா இல்ல அவங்க அளக்குறாங்களா தெரியல.

வர்ற சனிக்கிழமை வீட்டுக்கு ஆளுங்க வர்றாங்க, மட்டன் பிரியாணி, மட்டன் சுக்கா, அதோட இந்த ரெண்டு பாட்டிலும். எதை முதல்ல தொறக்கணும், ஃப்ரிட்ஜ்ல வெக்கலாமா கூடாதா, குடிக்கும்போது எதைக் கவனிக்கணும்? கூகிள்ல தேடுனா எல்லாம் வெள்ளைக்காரன் சாப்பாட்டுக்கு எழுதுனது, நமக்கு ஒட்டல.

கேலாங்_குசும்பன்

பிரியாணிக்கு சிரப் பண்டுங் (ரோஸ் சிரப் பால்) தம்பி. ரெண்டு பாட்டிலையும் என் அட்ரசுக்கு அனுப்பிடுங்க, நான் பாத்துக்கறேன்.

தெம்பனிஸ்_திராட்சை

தம்பி, செர்ரி சாக்லேட்டெல்லாம் அப்புறம், முதல்ல சூட்டைக் கவனிங்க. சிவப்பு ஒயினை ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்னு சொல்றாங்களே, அந்த ரூம் பழைய காலத்து யூரோப் வீட்டு ரூமு, 16லருந்து 18 டிகிரி. நம்ம வீவக அடுக்குமாடி வீட்டு ஹால்ல ஏர்கான் போடலன்னா 30, 31ல நிக்குது. அந்தச் சூட்டுல 15.5 சதவீத ஒயினை ஊத்துனா கிளாஸ்லருந்து முதல்ல எழும்புறது ஆல்கஹால் ஆவிதான், மூக்குல சுர்ருன்னு ஏறும், பழ வாசனையெல்லாம் அதுக்குப் பின்னாடி போய் நின்னுக்கும். நீங்க சொன்ன தொண்டைச் சூட்டுல பாதி இதாத்தான் இருக்கும். நாக்கு நல்லாத்தான் இருக்கு உங்களுக்கு.

அதனால ஃப்ரிட்ஜ்ல வெக்கலாமான்னா, நம்ம ஊர்ல கட்டாயம் வெக்கணும். "இருவது நிமிஷம் வெச்சா போதும்"னு புக்குல எழுதுறது அவங்க ஊர் ரூமுக்கு. இங்க 30லருந்து 17க்கு இறங்கணும்னா ஃப்ரிட்ஜ்ல ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். அவசரம்னா ஒரு வாளியில ஐஸும் தண்ணியும் சரிபாதி போட்டு பாட்டிலைக் கழுத்து வரைக்கும் முக்குங்க, பத்து பன்னெண்டு நிமிஷம் போதும். வெறும் ஐஸ் கட்டிய மட்டும் கொட்டாதீங்க, கட்டிக்கும் பாட்டிலுக்கும் நடுவுல காத்துதான் நிக்கும், சீக்கிரம் குளிராது. ரொம்பக் குளிர விட்டாலும் ஆகாது, துவர்ப்பு மட்டும் முன்னாடி வந்து நின்னு மத்ததெல்லாம் ஊமையாயிடும். 16ல ஊத்துனீங்கன்னா கிளாஸ்ல கொஞ்ச நேரத்துல 18, 20க்கு தானா ஏறிடும், இந்த ஊர்ல அதைத் தடுக்கவே முடியாது, அதனால ஒவ்வொரு தடவையும் கொஞ்சமா ஊத்துங்க.

இப்ப எதைக் கவனிக்கிறது. வாசனைக்குப் பேர் வெக்கிற வேலைய விட்டுடுங்க, அது பழகப் பழக வர்றது, வராட்டியும் நஷ்டமில்ல. முழுங்குனதுக்கப்புறம் வாய் என்ன பண்ணுதுன்னு பாருங்க. ரெண்டு பக்கமும் கடவாய் ஓரத்துல எச்சில் ஊறுதா, அது புளிப்பு. ஈறும் கன்னத்து உள்பக்கமும் காஞ்சு இழுத்துப் புடிக்குதா, அது திராட்சைத் தோலும் விதையும் குடுக்குற டானின், அது எச்சில்ல இருக்குற புரோட்டீனைப் போய் புடிச்சுக்கும், அதான் வாயில வழவழப்பு போயி சொரசொரன்னு ஆயிடுது. நெஞ்சுக்குள்ள கதகதப்பா இறங்குதா, ஆல்கஹால். ஃபுல் பாடின்னு மச்சான் சொன்னது இது மூணும் சேந்து வாயில வர்ற எடை. தெளிவு ரசத்தை ஒரு வாய் வெச்சா ஒரு எடை, தால்ச்சாவை ஒரு வாய் வெச்சா ஒரு எடை, ரெண்டும் நல்லாத்தான் இருக்கும் ஆனா எடை வேற. கனமா இருக்குறதாலயே ஒசத்தின்னு அர்த்தம் இல்ல. கனமும் இருந்து கூடவே புளிப்பும் இருந்தாத்தான் அடுத்த வாய் கேக்கும், புளிப்பு இல்லாத கனம் ஒரு கிளாசுலயே திகட்டிடும். இத்தாலி ஒயின்ல எனக்குப் புடிச்சதே இதான், எவ்வளவு கனமா இருந்தாலும் அந்தப் புளிப்பு விடாது.

உங்க அமரோனே கதைய கொஞ்சம் சொல்லிடறேன், தெரிஞ்சா குடிக்கும்போது வேற மாதிரி இருக்கும். வெரோனாவுக்கு வடக்கால இருக்குற குன்றுங்கதான் வால்போலிச்செல்லா. செப்டம்பர், அக்டோபர்ல குலை குலையா பறிப்பாங்க, ஆனா அப்பவே பிழிய மாட்டாங்க. காத்தோட்டமான பரண்ல, ஆழமில்லாத தட்டுல, ஒரு குலை மேல இன்னொரு குலை படாம ஒரே அடுக்கா பரப்பி வெச்சிடுவாங்க. முன்னாடி மூங்கில், நாணல் தட்டி, இப்ப பெரும்பாலும் பிளாஸ்டிக் இல்ல மரப்பெட்டி. குலைங்க நடுவுல ஒரு பழம் அழுகுனாலும் பக்கத்துல இருக்குறதுக்குப் பரவிடும்ங்கிறதால அந்த மாசங்கள்ல ஈரப்பதத்தைப் பாத்துக்கிட்டே இருக்கணும், மழைக்காலம்னா ஃபேன் ஓடும். மூணு நாலு மாசத்துல பழம் சுருங்கி எடையில 30லருந்து 40 சதவீதம் போயிடும், போறது தண்ணி, மிஞ்சுறது சர்க்கரையும் புளிப்பும் தோலும். ஜனவரி, பிப்ரவரி குளிர்லதான் பிழிஞ்சு நொதிக்க விடுவாங்க, அந்தச் சர்க்கரை கிட்டத்தட்ட எல்லாம் ஆல்கஹாலா மாறுறதாலதான் 15, 16னு வருது. நொதிக்கிறதைப் பாதியில நிறுத்தி சர்க்கரைய மிச்சம் விட்டா அது ரெச்சோத்தோன்னு இனிப்பு ஒயின், பழைய சரக்கு அதுதான், அமரோனே அதுக்குப் பின்னாடி வந்த புள்ள.

பிளெண்டுன்னு பாத்தா அதுல முக்கியமா கொர்வீனா, சட்டப்படி 45லருந்து 95 சதவீதம், அதுல ஒரு பங்குக்குப் பதிலா கொர்வினோனே போடலாம், கூட ரொந்தினெல்லா 5லருந்து 30. கொர்வீனா செர்ரியும் புளிப்பும் குடுக்கும், கொர்வினோனே பழம் பெருசு, துவர்ப்பும் கொஞ்சம் சேக்கும், ரொந்தினெல்லா நோய் தாங்கும், பரண்ல நல்லா காயும். தனித்தனியா குடிச்சா இதுல ஒண்ணும் அப்படியொண்ணும் பெரிய கனமில்ல. கனம் வர்றது காய வெச்சதால. உங்க இன்னொரு பாட்டில் அப்படி இல்ல, அங்க கனம் எந்தத் திராட்சைய எதோட சேக்குறாங்கங்கிறதுல வருது. ரெண்டையும் ஒரே ராத்திரியில பக்கத்துல பக்கத்துல குடிக்கிற வாய்ப்பு உங்களுக்குக் கெடச்சிருக்கு, அதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஜூரோங்_வெல்டர்

திராட்சை அண்ணே நல்லா எழுதுனீங்க ஆனா அமரோனேய தூக்கி வெக்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன். இந்த ஊர் வெக்கைக்கு அது சரிப்பட்டு வராது, ஒரு கிளாஸ் குடிச்சா சட்டை நனைஞ்சிடுது. வெரோனாவுல பனியில அரிசியவே அமரோனேயில வேக வெச்சு ரிசோட்டோன்னு திங்கிறான், அது அவன் குளிருக்கு. பிரியாணி சாப்பிட்டுட்டு ஃபேன் அடியில உக்காந்து குடிக்க நமக்கு எதுக்கு 15.5? என்னைக் கேட்டா டஸ்கனியோட கியாந்தி கிளாசிக்கோதான், சான்ஜோவேசே கொறஞ்சது 80 சதவீதம், புளிப்பு தூக்கலா இருக்கும், எண்ணெய்ச் சாப்பாட்டை அப்படியே வழிச்சு எடுத்துட்டுப் போகும். கருப்புச் சேவல் முத்திரை போட்ருக்கும், தேட ஈசி.

தம்பியோட ரெண்டாவது பாட்டில்ல ஐஜிடின்னு, அதாவது எந்தப் பகுதி ஒயின்னு மட்டும் சொல்ற லேபிள், போட்ருக்குறதைப் பாத்து மட்டமா நெனச்சிடாதீங்க. அதுக்குப் பின்னாடி ஒரு சண்டையே இருக்கு. 1967ல கியாந்திக்கு போட்ட சட்டத்துல சிவப்பு ஒயின்ல வெள்ளைத் திராட்சை கொறஞ்சது 10 சதவீதம் கலந்தே ஆகணும்னு வெச்சிருந்தான், யோசிச்சுப் பாருங்க, சிவப்புல வெள்ளை. ஒயினை மெலிசாக்கிக்கிட்டு இருந்தாங்க. அந்தினோரின்னு ஒயின் செய்யுற குடும்பம் இது ஆவறதில்லன்னு சான்ஜோவேசேய சின்ன ஓக் பீப்பாயில போட்டு, 1971 அறுவடையில தின்யானெல்லோங்கிற ஒயினை கியாந்திங்கிற பேரே இல்லாம வெளியில விட்டாங்க, கேபர்னே அதுல அப்புறம்தான் சேந்துச்சு. கடலோரம் போல்கெரில அதுக்கும் முன்னாடியே சஸ்ஸிகாயான்னு ஒரு ஒயின், கேபர்னே சோவின்யோனும் கேபர்னே ஃபிராங்கும், 1968 அறுவடைதான் முதல்ல கடைக்கு வந்தது. சட்டத்துக்குள்ள வராததால இந்த ரெண்டு ஒயின்லயும் வெறும் வீனோ தா தாவோலா, அதாவது சாதாரண சாப்பாட்டு மேசை ஒயின்னு லேபிள் ஒட்ட வேண்டியதாயிடுச்சு. மேசை ஒயின்னு பேரு, வெலையோ டிஓசி, அதாவது சட்டப்படி ஊர்ப்பேரு போட்டுக்குற ஒயினைவிட ஜாஸ்தி. 1978ல லண்டன்ல டிகான்டர் பத்திரிகை நடத்துன கேபர்னே டேஸ்டிங்குல சஸ்ஸிகாயா பிரெஞ்சுக்காரனையெல்லாம் தள்ளிட்டு முதல்ல வந்துச்சு. ஜாக்கோமோ தாக்கிஸ்னு ஒருத்தர், ஒயின் செய்யுறவர், அந்த ரெண்டு ஒயினுக்குப் பின்னாடியும் அவர் கை இருக்கு. கடைசியில அரசாங்கமே எறங்கி வந்து 1992ல ஐஜிடின்னு ஒரு தட்டு உருவாக்குச்சு, 2013ல சஸ்ஸிகாயாவுக்குன்னே தனி டிஓசி குடுத்துட்டான். சூப்பர் டஸ்கன்னு கடைக்காரங்க சொல்றது இந்த வகையத்தான், அந்தப் பேரு எந்தச் சட்டத்துலயும் கிடையாது.

இதுல ஒரு சிக்கல், ஐஜிடி தொஸ்கானாங்கிற அதே லேபிளோட 25 வெள்ளி (டாலர்) பாட்டிலும் இருக்கு, பல நூறு வெள்ளி பாட்டிலும் இருக்கு, அந்த எழுத்து உங்களுக்கு தரம் சொல்லாது. செஞ்சவன் யாருன்னு பாக்கணும், அவ்ளோதான். மச்சான் கொண்டு வந்ததுன்னா அங்கேயே ருசி பாத்து வாங்கியிருப்பாரு, நம்பலாம்.

வாங்குறவங்களுக்கு ஒண்ணு. இங்க ஒயினுக்கு வரி வெலைய வெச்சுப் போடறதில்ல, உள்ள இருக்குற ஆல்கஹாலுக்கு, ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி. 750 மில்லி பாட்டில் 15.5 சதவீதம்னா வரியே பத்து வெள்ளி சொச்சம், அதுக்கு மேல 9 சதவீத ஜிஎஸ்டி. 25 வெள்ளி பாட்டில்லயும் அந்தப் பத்து இருக்கு, 80 வெள்ளி பாட்டில்லயும் அதே பத்துதான். அப்ப 25 வெள்ளி பாட்டில்ல கப்பல் கூலி, கடைக்காரன் லாபம் எல்லாம் போக ஒயினுக்குன்னு மிஞ்சுறது எவ்வளவுன்னு கணக்குப் போட்டுக்குங்க. அதனால மாசம் நாலு மட்டமான பாட்டில் வாங்குறதுக்கு ஒரு நல்ல பாட்டில் வாங்குறது இந்த ஊர்ல லாபம். சாங்கி ஏர்போர்ட்டுல எறங்குறவங்க 48 மணி நேரத்துக்கு மேல வெளிய இருந்து, மலேசியாவுலருந்து வராம இருந்தா, ஒயின் மட்டும்னா ரெண்டு லிட்டர் வரைக்கும் வரி இல்லாம கொண்டு வரலாம், உங்க மச்சானோட ரெண்டு பாட்டில் ஒன்றரை லிட்டர், கணக்கா கொண்டு வந்திருக்காரு மனுஷன்.

தெம்பனிஸ்_திராட்சை

வெல்டர் தம்பி, வெக்கைன்னு சொல்லி அமரோனேய ஒதுக்குனா அப்புறம் ஏர்கான் எதுக்கு மாட்டியிருக்கோம். நான் தம்பிய குடம் குடமா குடிக்கச் சொல்லல, சாப்பிட்டு முடிச்சு ஒரு சின்ன கிளாஸ். மத்தபடி கியாந்தி பத்தி நீங்க சொன்னதுல எனக்கு மறுப்பு இல்ல, வெலைக்கும் அது நியாயம்தான். அமரோனேக்கு அவ்வளவு காசு குடுக்க மனசு வரலன்னா ரிப்பாஸ்ஸோ பாருங்க, சாதாரண வால்போலிச்செல்லா ஒயினை அமரோனே வடிச்ச சக்கை மேல ஊத்தி திரும்ப ஒரு தடவை நொதிக்க விடறது, அந்தச் சக்கையில மிச்சமிருக்குற ருசியும் கனமும் இதுக்கு ஏறிக்கும். வெலை பாதிக்குக் கிட்ட வரும்.

தெக்கால பூல்யா பக்கம் சாலிச்சே சலென்தீனோவையும் யாரும் இங்க கண்டுக்கறதில்ல. நெக்ரோஅமாரோ பெரும்பங்கு, கூட மல்வாசியா நேரா. நெக்ரோஅமாரோ கருத்த ஒயின், கடைசியில லேசா கசக்கும், மல்வாசியா நேரா அதுக்கு வாசனையும் மெதுமெதுப்பும் குடுக்கும். வெயில் ஊரு ஒயினு, நம்ம சாப்பாட்டோட பேரு கேட்டதும் பயந்து ஓடாது.

செங்காங்_அக்கா

ஒயின் பத்தி ஆம்பளைங்க நீங்களே பேசிட்டு இருக்கீங்க, சாப்பாட்டை யாரும் கேக்கல. தம்பி உங்க சுக்காவுல எது காரம், மிளகாயா மிளகா? அதுலதான் எல்லாம் இருக்கு. மிளகாய்க் காரமும் ஆல்கஹாலும் வாயில ஒரே எரிச்சல் நரம்பைத்தான் போய் தட்டுது, ரெண்டும் சேந்தா ஒண்ணை ஒண்ணு ஏத்தி விடும், மேல டானின் வேற வந்து வாயைக் காய வெக்கும், அப்புறம் ஒயினும் தெரியாது கறியும் தெரியாது, தண்ணிக் குவளையத்தான் தேடுவீங்க. ரெஸ்டாரண்டுல உங்களுக்கு என்ன ஆச்சோ தெரியாது, ஆனா வீட்டுல வத்தல் மிளகாய பாதியாக்கி மிளகும் சோம்பும் தூக்கலா போட்டு சுக்கா பண்ணச் சொல்லுங்க. தேக்கா மார்க்கெட்டுல தொடைக்கறி கொழுப்போட கேட்டு வாங்குங்க, கொழுப்பும் கறிப் புரோட்டீனும் இருந்தா டானின் உங்க எச்சிலை விட்டுட்டு அதைப் புடிச்சுக்கும், துவர்ப்பு பாதி அடங்கிடும், இது நானே வெச்சுப் பாத்தது. வெறும் வாயில சொரசொரன்னு இருந்த அதே ஒயின் ஒரு துண்டு கறிக்கு அப்புறம் பட்டு மாதிரி இறங்குச்சு. உப்பையும் குறைச்சுடாதீங்க, உப்பு இருந்தாத்தான் துவர்ப்பு கொஞ்சம் அடங்கும்.

பிரியாணிக்கு அந்த டஸ்கனி பாட்டில். சான்ஜோவேசேயோட புளிப்பு நெய்க்கும் தக்காளிக்கும் சரியா வரும். பச்சடிய மட்டும் தள்ளி வைங்க, தயிரும் இந்த மாதிரி சிவப்பு ஒயினும் எனக்கு ஒத்துக்கல, வாயெல்லாம் மாவு மாதிரி ஆயிடுது. அமரோனேக்கு நான் சொல்றது பிரியாணியே இல்ல, ரெண்டாங். தேங்காய் வறுத்து, பட்டை, லவங்கம் போட்டு மணிக்கணக்கா வத்த விட்ட மட்டன் ரெண்டாங். அமரோனேல வர்ற உலர்ந்த பழ வாசனையும் அந்தத் தேங்காயோட கருகல் இனிப்பும் அண்ணன் தம்பி மாதிரி போய் உக்காந்துக்கும். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) பண்ணிக் குடுத்த ரெண்டாங்கோட ஒரு தடவை குடிச்சதுலருந்து எனக்கு வேற எதுவும் சரியா படல. கறி சாப்பிடாதவங்க வந்தா காளான் மிளகு வறுவல், கத்திரிக்காய எண்ணெயில சுட்டது, ரெண்டுமே நல்லா தாங்கும்.

மீன் தலைக் கறி மட்டும் அந்தப் பக்கமே கொண்டு வராதீங்க. சிவப்பு ஒயின்ல இருக்குற இரும்புச்சத்து மீன் எண்ணெயோட சேந்தா வாயில கவிச்சி அடிக்கும்.

ஜூரோங்_வெல்டர்

அக்கா மீன் தலைக் கறிக்கு நான் கியாந்தி குடிச்சிருக்கேன், ஒண்ணும் ஆகல.

செங்காங்_அக்கா

புளியும் மிளகாயும் போட்டு மறைச்சுட்டாங்க தம்பி, அதான். கவிச்சி மட்டுமில்ல, அந்தக் கியாந்தியும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.

யீஷூன்_தம்பி

அண்ணே அக்கா எல்லாருக்கும் கோடி நன்றி, இவ்ளோ வரும்னு நெனக்கவே இல்ல. சுக்கா மிளகுல பண்ணச் சொல்லிட்டேன், ரெண்டாங்குக்கு மாமியார்கிட்ட பேசிப் பாக்கணும். இன்னும் ரெண்டு மூணு சந்தேகம். டீகான்டர்னு ஒரு கண்ணாடி ஜாடி இருக்கே அது அவசியமா? சனிக்கிழமை வரைக்கும் பாட்டிலை எங்க வெக்கிறது, இப்ப கிச்சன்ல ஃப்ரிட்ஜ் மேல நிக்குது. அப்புறம் கிளாசைச் சுத்துனா ஓரத்துல கண்ணீர் மாதிரி வழியுதே அது கூடுனா நல்ல ஒயினாமே, நெசமா?

ட்ரே_தூக்கி

ரொம்ப காலம் ரெஸ்டாரண்டுல சர்வீஸ்ல இருந்தவன், அதனால இந்தக் கேள்விக்கு நான் வர்றேன்.

தம்பி முதல்ல ஃப்ரிட்ஜ் மேல இருந்து எடுங்க, இப்பவே எடுங்க. வீட்டுல அதுதான் சூடான இடம், மோட்டார் சூடும் அடிக்கும், நடுக்கமும் இருக்கும். ராத்திரி ஏர்கான் போடுற பெட்ரூம்ல கப்போர்டுக்கு உள்ள, வெளிச்சம் படாம படுக்கப் போடுங்க. அதுவும் இல்லன்னா ஃப்ரிட்ஜுக்கு உள்ளயே கீழ்த்தட்டுல வெச்சுடுங்க, சனிக்கிழமை வரைக்கும்தானே, ஒண்ணும் ஆவாது. வருஷக் கணக்குல வெக்கிறவங்கதான் 12, 14 டிகிரில ஒயின் ஃப்ரிட்ஜ் வாங்கணும். வெயில்ல வெந்த பாட்டில்னா கார்க் லேசா மேல தள்ளிட்டு நிக்கும், இல்ல கழுத்தோரம் கசிஞ்ச கறை இருக்கும், ருசி பாத்தா பழத்தை வேக வெச்ச மாதிரி சப்புன்னு இருக்கும். ஒரு கடையில கண்ணாடிச் சன்னல் ஓரமா சாயங்கால வெயில்ல பரோலோன்னு வெலை கூடுன இத்தாலி சிவப்பு ஒயினை வரிசையா நிக்க வெச்சிருந்ததைப் பாத்து எனக்கு வயிறு எரிஞ்சுது, வெலைய கொறைச்சு வேற போட்டிருந்தாங்க, ஆளுங்க வாங்கிட்டும் போறாங்க.

கண்ணீர் வழியறது ஆல்கஹால் சமாச்சாரம். கிளாஸ் ஓரத்துல மெல்லிசா படிஞ்ச ஒயின்லருந்து ஆல்கஹால் முதல்ல ஆவியாயிடும், அப்ப அந்த இடத்துல தண்ணிப் பங்கு கூடி இழுவிசை ஜாஸ்தியாகி இன்னும் ஒயினை மேல இழுக்கும், கனம் தாங்காம அது துளியா எறங்கும். 15.5ல எக்கச்சக்கமா வழியும், தரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. டேபிள்ல யாராச்சும் அதை வெச்சு ஒயினைப் புகழ்ந்தா சிரிச்சுட்டு விட்டுடுவேன், டிப்ஸ் வரணுமில்ல.

டீகான்டர் இல்லாட்டி பரவால்ல, சுத்தமான கண்ணாடி ஜக் போதும். ரெண்டு பாட்டில்லயும் எந்த வருஷ அறுவடைன்னு பாருங்க. இளசா இருந்தா தைரியமா ஜக்ல ஊத்துங்க, காத்து படப்பட முறுக்கிட்டு நிக்கிற டானின் கொஞ்சம் தளரும், மூடிக் கெடந்த வாசனையும் வெளிய வரும். பத்து பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆனதுன்னா அடியில மண்டி இருக்கும், முந்தின நாளே நிமித்தி வெச்சு, மெதுவா ஒரே சாய்ப்புல ஊத்தி, மண்டி கழுத்துக்கிட்ட வரும்போது நிறுத்திடணும். இங்க ஒரு தந்திரம் இருக்கு, ஜக்ல ஊத்தி மேசையில வெச்சா நம்ம ஊர் சூட்டுல ஒரு மணி நேரத்துல அது நல்லா சூடேறிடும், திராட்சை அண்ணன் சொன்ன கதைதான் திரும்ப. அதனால ஊத்துன ஜக்கை மூடாம ஃப்ரிட்ஜ்லயே வைங்க, உள்ள மீன், பூண்டு, டுரியான் எதுவும் இருக்கக்கூடாது. காத்தும் படும், குளிரும் ஏறும்.

வரிசை டஸ்கனி முதல்ல, அமரோனே பின்னாடி. அமரோனேல துளி இனிப்பு மிச்சம் இருக்கும், ஆல்கஹாலும் ஜாஸ்தி, அதைக் குடிச்சுட்டு டஸ்கனிய தொட்டா பாவம் அது புளிச்ச தண்ணி மாதிரி தெரியும். பிரியாணியோட டஸ்கனி, தட்டெல்லாம் எடுத்தப்புறம் சுக்கா மிச்சத்தோடயோ, ஒரு துண்டு பார்மிஜானோ சீஸோடயோ அமரோனே. அக்கா சொன்ன ரெண்டாங் கெடச்சா இன்னும் நல்லது. தொறந்ததும் நீங்க மட்டும் ஒரு மடக்கு குடிச்சுப் பாருங்க, நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி வாசனை அடிச்சா கார்க் கெட்டுருக்கு, எவ்வளவு நேரம் வெச்சாலும் அது போகாது, ஊத்திடுங்க.

கிளாஸ் வயிறு பெருத்ததா, வாய் கொஞ்சம் குறுகலா இருக்கட்டும், மூணுல ஒரு பங்குக்கு மேல ஊத்தாதீங்க, சுத்தறதுக்கு எடம் வேணும். கழுவி கவுத்து வெச்ச கிளாஸ்ல சோப்பு வாசனையும் கப்போர்டு வாசனையும் நிக்கும், ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி வெந்நீர்ல அலசி துடைச்சிடுங்க. மிச்சமிருந்தா கார்க்கைத் திருப்பி அழுத்தி ஃப்ரிட்ஜ்ல நிமித்தி வைங்க, டஸ்கனி ரெண்டு நாள் தாங்கும், அமரோனே மூணு நாலு நாள் கூட நிக்கும், ரெண்டாவது நாள் அமரோனே முதல் நாளைவிட எனக்குப் புடிக்கும், குடிக்கிறதுக்கு அரைமணி நேரம் முன்னாடி எடுத்து வெளிய வெச்சா போதும்.